எட்டு செகண்ட் ஆறு!

எங்கள் அப்பாவை அந்த மெஷின் பதினோரு தடவை செய்தது. பதினோரு தடவையும் வேறு வேறு அப்பா!

முதல் அப்பாவுக்கு சிவப்புத் தலைப்பாகை, முறுக்கு மீசை. பெரிய ஓட்டல் வாசலில் சலாம் போட்டுக் கதவு திறப்பாரே, அவரேதான். இரண்டாவது அப்பா ரிட்டயர்டு கர்னல். நாலாவது அப்பாவுக்குப் பூனைக் கண். ஏழாவது அப்பா மட்டும் கொஞ்சம் நம்ம ஆள் போல இருந்தார். ஆனால் மண்வெட்டியைப் பிடித்த கையில் விரலை எண்ணினால் ஆறு.

"போகட்டும் மச்சான், ஒண்ணுதானே எக்ஸ்ட்ரா" என்றான் நண்பன். சிப்காட்டில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்க்கிறவன் பேசுகிற பேச்சா இது!

நமக்கு ஊர் ஓசூர் பக்கம், கெலவரப்பள்ளி. தென்பெண்ணை ஆறு கர்நாடகாவில் நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு, தமிழ்நாட்டுக்குள் வந்ததும் முதலில் மூச்சு வாங்க நிற்கிற இடம் எங்கள் அணை. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மதகைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் நுரை வரும். நல்ல மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்கு வரும். 2024 அக்டோபரில் நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. 'வெண்பனி போர்த்திய ஓசூர்' என்று அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர்களும் உண்டு. நாற்றம் போட்டோவில் வராது பாருங்கள், அந்த தைரியம்.

இந்த நுரையை வைத்து நாலு நிமிஷத்தில் ஒரு குறும்படம் எடுப்பது என்று நண்பன் முடிவு செய்தான். கதை? எங்கப்பாவேதான். ஆற்றங்கரை நிலத்தில் முள்ளங்கியும் கீரையும் போட்டவர், கால் அரிப்பு தாங்காமல் இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. கதை என்னுடையது என்பதால் வசனமும் என்னுடையது. நான் பி.காம். என்பதால் கணக்கும் என்னுடையது.

குறும்படம் எனக்குப் புதிதல்ல. 2009-ல் கலைஞர் டி.வி.யில் 'நாளைய இயக்குநர்' ஆரம்பித்ததும் தமிழ்நாட்டில் காலேஜ் படித்த பையன்களில் பாதிப்பேர் டைரக்டர், மீதிப்பேர் கேமராமேன். அங்கே குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் 'பீட்சா' கொடுத்தார். நலன் குமரசாமி 2013-ல் 'சூது கவ்வும்'. அந்த ஜுரத்தில் நாங்களும் ஒரு கேமராவை நாள் வாடகைக்கு எடுத்தோம். நான்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். பட்ஜெட்டில் பாதி பரோட்டாவுக்கே போய்விட்டது. இரண்டாம் நாள் ஹீரோவுக்கு வேலைக்கான ஆர்டர் வந்துவிட, அவன் மேக்கப்போடு பஸ் ஏறினான். படம் இன்னும் 'இடைவேளை'யில்தான் நிற்கிறது.

"இப்போ ஹீரோ ஓட மாட்டான் மச்சான். கேமரா வேணாம், லைட் வேணாம், பரோட்டா வேணாம்! எழுதிக் கொடுத்தா ஏ.ஐ. படமாவே தரும்" என்றான் நண்பன்.

அவனை இப்படிப் பேச வைத்தது நம்ம பக்கத்து ஊர் சமாசாரம். பெங்களூரில் ஒரு கோயில் அர்ச்சகர், நரசிம்ம மூர்த்தி என்று பெயர். கூட ஒரே ஒரு டெக்னீஷியனை வைத்துக்கொண்டு 'லவ் யூ' என்று முழுநீளக் கன்னடப் படத்தையே ஏ.ஐ.யில் செய்து, சென்சார் சர்டிபிகேட்டும் வாங்கி, 2025 மே மாதம் ரிலீஸ் செய்துவிட்டார். செலவு பத்து லட்சம் என்று பேப்பரில் வந்தது. "ஒரு அர்ச்சகர் பூஜை நேரம் போக ஒன்றரை மணி நேரப் படம் எடுக்கிறாரு. நாம ஷிஃப்ட் நேரம் போக நாலு நிமிஷம் எடுக்க முடியாதா?" நியாயமான கேள்வி. ஆளுக்கு மூவாயிரம் போட்டோம். அதாவது நான் மூவாயிரம் போட்டேன், அவன் சம்பளம் வந்ததும் போடுவதாகச் சொன்னான்.

முதலில் தெரிந்துகொண்டது: இந்த மெஷினுக்கு ஒரே மூச்சில் எட்டு செகண்டுக்கு மேல் ஓடாது. நாலு நிமிஷம் என்றால் முப்பது துண்டு. இரண்டாவதாகத் தெரிந்துகொண்டது: அதற்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஒவ்வொரு துண்டையும் புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி ஆரம்பிக்கிறது. முன் துண்டில் அப்பா எப்படி இருந்தார் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் பதினோரு அப்பா. மூன்றாவது, நெஞ்சில் அடித்துக்கொண்டு தெரிந்துகொண்டது: சரியாக வந்தாலும் காசு, கோணலாக வந்தாலும் காசு!

காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவர்களுக்கு 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' ஞாபகம் இருக்கும். நூறு கிலோ போட்டால் ஐந்து கிலோ சேதாரம் நார்மல், அதை நல்ல சரக்கின் தலையில் ஏற்றிவிடலாம். இங்கே நல்ல சரக்கே ஐந்து கிலோதான்! எங்களுக்குத்தான் இந்த கதியா என்று பார்த்தால், இல்லை. 2024-ல் டொரன்டோவில் 'ஷை கிட்ஸ்' என்ற சின்ன குழு 'சோரா'வை வைத்து 'ஏர் ஹெட்' என்று குறும்படம் செய்தது. தலைக்குப் பதில் மஞ்சள் பலூன் உள்ள ஒரு மனுஷனின் கதை. ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. படத்தில் வைத்தது ஒரு பங்கு என்றால், எடுத்துப் பார்த்தது கிட்டத்தட்ட முன்னூறு பங்கு என்று அவர்களே சொன்னார்கள். பலூனின் நிறம் துண்டுக்குத் துண்டு மாறி, அதை அப்புறம் கையால் சரிசெய்தார்களாம். பலூனுக்கே அந்தப் பாடு. எங்கப்பாவுக்கு ஆகாதா?

பதினோரு அப்பாவுக்கும் வைத்தியம் ஒன்றுதான். நிஜ அப்பாவின் போட்டோவைக் கொடுத்து 'இவர்தான்' என்று சொல்லிவிட வேண்டும். போட்டோ எடுக்கப் போனேன்.

"எதுக்குடா?"

விளக்கினேன்.

"அப்ப நான் போகாத ஆத்துக்கு நான் போற மாதிரி காட்டும். நான் பேசாததை நான் பேசுற மாதிரி காட்டும்."

"ஆமா, நைனா."

"என் மூஞ்சிக்கு என்ன தருவே?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தால் சரியான கேள்வி. 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்கு மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஐ.யில் கொண்டுவந்த ரஹ்மான், அவர்கள் குடும்பத்தில் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துத்தான் செய்தார். உயிரோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம் கேட்காமலேயே பதினோரு அப்பா செய்தவன் நான்! "அப்புறம் சொல்றேன்" என்று தன் ஃபீஸைத் தள்ளிவைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

அப்பா சரியானார். அடுத்தது நுரை.

'ஆறு முழுக்க நுரை' என்று எழுதினோம். காஷ்மீர் வந்தது. 'சோப்பு நுரை போல' என்று திருத்தினோம். ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்துக்கொண்டு குமிழி ஊதியது. 'தொழிற்சாலைக் கழிவு, துர்நாற்றம்' என்றெல்லாம் சேர்த்ததும் தண்ணீர் கிளிப்பச்சையாக மாறி, பின்னால் புகைபோக்கிகள் முளைத்தன, இங்கிலீஷ் படத்தில் வருமே அந்த மாதிரி. ஒரு தடவை அழகான பெண் ஒருத்தி நுரையைக் கையில் அள்ளி நம்மைப் பார்த்துப் புன்னகைத்தாள். நண்பன் அதை மட்டும் தனியாக சேவ் செய்துகொண்டான்.

அதன் மேல் தப்பில்லை, சார். உலகத்தில் உள்ள கோடானுகோடி படங்களைப் பார்த்துப் படித்த மாணவன் அது. அந்தப் படங்களில் நுரை என்றால் குளியல், குழந்தை, வாஷிங் பவுடர், சந்தோஷம். ஓர் ஆறே நுரையாகி ரோட்டில் ஏறி வரும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? 2015-ல் பெங்களூர் பெல்லந்தூர் ஏரியில் நுரை தீப்பிடித்தே எரிந்தது. அதை எழுதிக் கொடுத்திருந்தால் எங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கும்.

கையிருப்பு ஆயிரத்துக்குக் கீழே போனபோது நண்பன் தலையைச் சொறிந்தபடி சொன்னான்: "மச்சான், அணை இங்கேயிருந்து ரெண்டு கிலோமீட்டர்."

விட்டேனா! மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவன் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு, பைக்கில் போனோம். ராத்திரி மழை. மதகிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டு இறங்க, சோப்புக் கழிவு காற்றோடு கலந்து கடையப்பட்டு, மலை மலையாக எழும்பி வந்தது. காற்று அடித்ததும் ஒரு பெரிய துண்டு பிய்ந்து பறந்து வந்து வண்டியின் ஹெட்லைட்டில் உட்கார்ந்தது. மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு நாற்பது செகண்ட் போனில் எடுத்தேன். செலவு: பெட்ரோல் முப்பது ரூபாய். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் கணுக்கால் அரித்தது. எங்கப்பா முப்பது வருஷம் அதில் நின்றிருக்கிறார்.

பாக்கி ஒரே ஒரு துண்டு. அப்பாவின் சின்ன வயசு ஆறு. அணை வருவதற்கு முந்தைய ஆறு. அதற்கு போட்டோ கிடையாது. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கே போட்டோ கிடையாது, ஆற்றை யார் எடுத்தார்கள்? போனில் எடுக்கவும் முடியாது. இதற்குத்தான் மெஷினே வேண்டியிருந்தது.

முதலில் வந்த ஆற்றைப் பார்த்துவிட்டு அப்பா "இது காவேரி" என்றார். அடுத்ததற்கு "இவ்ளோ தென்னை ஏது இங்க?" பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மணல் இத்தனை வெள்ளை கிடையாது. பாறை இருக்கும், கறுப்பா. இந்தப் பக்கம் புங்க மரம், கிளை தண்ணியைத் தொடும். தண்ணி முட்டிக்கால்தான். காலு தெரியணும்." அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். பாதி வார்த்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. புங்க மரத்துக்கு மெஷின் மாமரம் போட்டது. "காய் இல்லேன்னா போனாப் போவுது" என்று சலுகை கொடுத்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. முதல் முறையாக நான் கணக்கு எழுதவில்லை.

ஒன்பதாவது ஆறு வந்தது. எட்டு செகண்ட். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஓடி முடிந்தது. விரலால் 'இன்னொரு தடவை' என்று காட்டினார்.

படம் முடிந்தது. செயற்கையாகச் செய்ததை 'செயற்கை' என்று சொல்லியாக வேண்டும் என 2026 பிப்ரவரியில் விதி வந்திருக்கிறதல்லவா? மூலையில் 'ஏ.ஐ.யில் உருவாக்கப்பட்டது' என்று யோக்கியமாகப் போட்டோம். நண்பன் தன் கேன்டீனில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினான். ஆற்றைப் பார்த்து ஒருவன் கேட்டானாம்: "செம லொகேஷன்! எங்கே எடுத்தே?" நுரையைப் பார்த்து இன்னொருவன்: "ஏ.ஐ.ன்னு பார்த்தாலே தெரியுது பாஸ். இவ்ளோ நுரை எந்த ஊர்ல வரும்? கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். மதுரைக்காரன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரியே மறுபடி உட்கார்ந்து லேபிளை மாற்றினோம். மெஷின் செய்த துண்டுகளில் மட்டும் 'ஏ.ஐ.', நுரை வருகிற நாற்பது செகண்டில், கொஞ்சம் பெரிய எழுத்தில், 'இது நிஜம்.' காலம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

மொத்தச் செலவு ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. நண்பனின் பங்கு இன்னும் 'வர வேண்டியவை'யில் இருக்கிறது. அப்பாவின் ஃபீஸ் மட்டும் அன்றே பைசல் ஆனது. வேறொன்றும் கேட்கவில்லை, அந்த எட்டு செகண்டை மட்டும் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். அவருடையது பட்டன் போன். அதனால் என் பழைய போனைக் கொடுத்தேன்.

போன வாரம் என் அக்கா பையன் வந்திருந்தான், ஒன்பது வயசு. திண்ணையில் இரண்டு பேரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஆறுதான்டா. நான் உன் வயசுல எடுத்தது."

"நெஜமாவா தாத்தா?"

எட்டிப் பார்த்தேன். மூலையில் லேபிள் இருக்கிற இடத்தைக் கட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டிருந்தார்.