வழியனுப்புவாரில்லாப் பிரயாணம்

மனிதர் வீடு விட்டுப் புறப்படும் பிரயாணங்கள் பலவகைப்படும். காசிக்குச் செல்வோனுக்கு ஊரார் திரண்டு விடைகொடுப்பர். கடல்கடந்து கல்வி பயிலச் செல்வோனுக்கு மாலையும் வாழ்த்துங் கிடைக்கும். நோயுற்று அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோனையும் உறவினர் பழங்களுடன் வந்து கண்டு தேறுதல் கூறிப் போவர். ஆனால், குடிப்பழக்கத்தினின்று மீளும்பொருட்டுச் சிகிச்சை நிலையமொன்றில் ஒரு மாதம் தங்கப் புறப்படுவோனுக்கு வழியனுப்புவார் இலர். அண்டை வீட்டாரிடம் 'வெளியூரில் வேலை' என்று சொல்லப்படும். அத்தகைய பிரயாணம் ஒன்றற்கு ஆயத்தஞ் செய்வதில் யானும் பங்குகொண்டேன். அப்போது அறிந்தவற்றை நம் கல்லூரிச் சஞ்சிகையின் வாயிலாக மாணவ நண்பர்க்கும் பழைய மாணவர்க்கும் கூறுதல் பயனுடைத்தெனக் கருதி இதனை எழுதலானேன்.

புறப்பட்டவர் என் பெரியப்பாவின் புதல்வர். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் இருபது ஆண்டுகளாக ஓவர்லாக் டெய்லராயிருப்பவர். நொய்யற்கரையிலுள்ள அந்நகரத்தில் காலம் ஷிப்மெண்டுக் கணக்கால் அளக்கப்படும். சரக்குக் கப்பலேறும் நாள் நெருங்கினால் ஒரு ஷிப்ட் ஒன்றரையாகும், ஒன்றரை இரண்டாகும். பீஸ் ரேட்டுக்குத் தைப்போனுக்குக் கை ஓய்ந்தால் கூலியும் ஓயும். சனிக்கிழமை மாலையில் வாரச் சம்பளம் கைக்கு வரும். உடலின் அலுப்பும் கையிற் காசும் ஒரே வேளையில் வந்து கூடுமிடத்தில் கடையுந் திறந்திருப்பின் யாது நிகழுமென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அண்ணனுக்குச் சனிக்கிழமைக்கென்று இருந்த பழக்கம் நாள்தோறுமாயிற்று. முடிவில், காலையில் ஊசியில் நூல் கோப்பதற்கே ஒரு மிடறு உட்சென்று கைந்நடுக்கத்தைத் தணிக்க வேண்டியதாயிற்று.

கொங்குநாடு இத்தீமையை எதிர்த்துப் போராடிய வரலாறுடையது. 1921-ஆம் ஆண்டில் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் ஈ. வெ. ராமசாமி அவர்களின் மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் முன்னின்றனர். அவரோ தம் தோப்பிலிருந்த தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் முதல் தேதியன்று இராஜாஜியின் மந்திரிசபை அண்டையிலுள்ள சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1971-ல் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1974-ல் மீண்டும் வந்தது. பின் மறுபடியும் நீங்கிற்று. 1983-ல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் வசமாயிற்று. கடை வேண்டுமா வேண்டாவா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. மரத்தை வெட்டுதலும் கடையை மூடுதலும் இன்னும் குடியாதானைக் காக்கலாம். நரம்பில் வேரோடிவிட்டவனுக்கு அவை மட்டும் போதா. அவனுக்கு வைத்தியமும் வேண்டும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகவும், மருந்தைத் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகவும் வைத்தார். இடையில் நிற்பது சூது ஒன்றே. நம்மவரோ முதலதிகாரத்தை ஓதிக்கொண்டே காலங்கழித்து, இரண்டு அதிகாரம் தள்ளி மருந்து இருப்பதை மறந்துவிடுகின்றனர். அண்ணனுக்கு அறிவுரை கூறாதார் எங்கள் குலத்தில் எவருமிலர். பழனியில் சத்தியம் செய்வித்தார்கள். குழந்தையின் தலைமேல் கைவைத்து ஆணையிடச் செய்தார்கள். ஒவ்வோர் ஆணையும் உடைந்தபோது அவர்தம் நாணம் இரட்டித்தது. நாணத்தை மறக்க மீண்டும் குடித்தார்.

இந்நாட்டில் இந்நோய்க்கெனச் சிகிச்சை அமைந்த வரலாறும் ஒரு குடும்பத்தின் துயரிற் பிறந்ததே. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அவர் பெயரால் 1980-ல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து பயில வேண்டுமென்பது அங்குப் பேணப்படும் முறை. இத்தகைய நிலையங்கள் பல இப்போதுள. எனினும் 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றவர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. ஏனையோர் அறிவுரை மட்டும் பெற்றவர் போலும்!

இனி ஆயத்தங்களைக் கூறுவேன். முதலாவது, வைத்தியரைக் காண்டல். 'நாளை முதல் ஒரு துளியுந் தொடாதே. அறையிற் பூட்டிவைப்போம்' என்றார் பெரியப்பா. அரசு வைத்தியர் ஒருவர் அதனைத் தடுத்தார். பாரவண்டியை இழுத்துப் பழகிய மாட்டின் கயிறு திடீரென அறுந்தால், மாடு முன்னே குப்புற விழுமன்றோ? நெடுநாள் மதுவின் அழுத்தத்தை எதிர்த்து இயங்கிப் பழகிய மூளையும் அத்தன்மையதே. குடியைச் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தம் கலங்கி இல்லாதவற்றைக் காணும் ஜன்னி நேரலாம். அஃது உயிரைக் கொள்ளவும் வல்லது. ஆதலின், நிறுத்துதல் வைத்தியர் கண்முன் நிகழ வேண்டும் என்றார். தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் கொடுத்து, முந்தைய நோய்களையும் உண்ணும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். அத்தாளே எங்கள் மூட்டையில் முதலில் வைத்த பொருள்.

இரண்டாவது, இடந் தெரிதல். அடித்தும் கட்டியும் திருத்துவோம் என்பாரும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கேடுகளையும் தன்னுள் அடக்கியது. நோயாளியைச் சங்கிலியாற் பிணிப்பதை முற்றும் விலக்கியது. ஆகவே, உரிமம் உளதா, வைத்தியர் நாள்தோறும் வருவாரா, குடும்பத்தார் வந்து காணலாமா என்னும் மூன்று வினாக்களை யாம் ஒவ்வோரிடத்தும் கேட்டோம். விடை மழுப்பியவிடத்தை விட்டொழித்தோம். வழியறியாதார் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வினவலாம். சென்னையில் ஓரிடம் அமைந்தது.

மூன்றாவது, வேலை. 'என் மெஷினில் வேறொருவனை உட்கார வைத்துவிடுவார்களே' என்பதே அண்ணனின் பேரச்சம். அவர்க்கு உயிரச்சங்கூட அதற்குப் பிற்பட்டது. யானும் அவரும் கம்பெனி மாஸ்டரைக் கண்டு உண்மையையே உரைத்தோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "ஏப்பா, மெஷினு எங்கயும் போயிராது. நீ நல்லபடியாத் திரும்பி வா" என்றார். அன்றிரவு அண்ணன் வயிறார உண்டார் என்று அண்ணி சொன்னார்.

நான்காவது, பணம். கடன்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினோம். எழுதப்படாத கடன் மலைபோலத் தோன்றும். எழுதியபின் அது குன்றாயிற்று. வங்கி அட்டை அண்ணியின் கைக்கு மாறிற்று. ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் அவர், கணவர் வரும்வரை நேரங்கூட்டி வேலை செய்யவும், குடும்ப வகுப்புக்குச் சென்னை செல்ல விடுப்புக் கேட்கவும் துணிந்தார். நோயாளி படுக்கையிலிருக்கும் காலத்தில் வீட்டைச் சுமப்பவளும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை அன்று அறிந்தேன்.

ஐந்தாவது, பெட்டி. நான்கு லுங்கி, நான்கு சட்டை, துண்டு, செருப்பு, கண்ணாடி. மதுசாரம் கலந்த செண்டு ஆகாதென்று நிலையத்தார் முன்னமே கூறியிருந்தனர். கைப்பேசியை வாயிலிலேயே ஒப்புவிக்க வேண்டுமாதலின், எண்களை ஒரு சிறு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதில் கடைத்தோழர் எண் ஒன்றும் இல்லாமை கண்டு யான் வாய்திறவாதிருந்தேன்.

ஆறாவதே அரியது. பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகளிடம் யாது கூறுவது? 'வெளியூர் வேலை' என்று பெரியோர் தீர்மானித்தனர். அண்ணனே அதனை மறுத்து, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. குடியினால் வந்த நோய். வைத்தியம் பார்க்கப் போகிறேன்" என்றார். அப்பெண் அழவில்லை. "திரும்பி வந்தபின் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். எங்களில் ஒருவரும் அதுகாறும் எண்ணாத வினா அது. போவதற்கே ஆயத்தஞ் செய்தோம். வருவதற்கு ஒன்றுஞ் செய்திலோம். அவ்வினாவுக்குப் பின்னரே, சனிக்கிழமைச் சம்பளம் அண்ணியின் கணக்கிற் சேர ஏற்பாடு செய்தோம். கடை வழியே செல்லாது வீடு சேரும் தெருவைத் தெரிந்தோம். தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் யான் உடனிருப்பதென்று முடிவாயிற்று.

சேரன் விரைவு வண்டியில் யானும் உடன் சென்றேன். ஒரு மாதத்தின்பின் அவர் மீண்டார். கதை அவ்வளவில் முடிந்ததென்று கூறேன். ஐந்தாம் மாதத்தில் ஒரு திருவிழா நாளன்று அவர் மீண்டும் குடித்தார். மறுநாட் காலையில் அவரே நிலையத்துக்குத் தொலைபேசியிற் பேசினார். நீரிழிவு மீண்டும் ஏறினால் வைத்தியரிடம் செல்வோமேயன்றி, நோயாளியை நெறிகெட்டவனென்று தள்ளுவோமல்லோம். இதனையும் அவ்வாறே கொள்ளவேண்டுமென்று அவர்கள் கூறினர். அதற்குப்பின் எட்டு மாதங்கள் சென்றன. இன்றளவும் அவர் தம் மெஷினில் இருக்கின்றார். 1935-ல் அமெரிக்க நாட்டிற் குடிநோயர் இருவர் தோற்றுவித்த கூட்டுறவின் வழியில், குடியை விட்டோர் தம்முட் கூடிப் பேசும் கூட்டமொன்றுக்கு வாரந்தோறும் செல்கின்றார். 'இன்றைக்கு மட்டும்' என்பதே அவர் இப்போது கூறும் ஆணை. பழனியிற் செய்த ஆணையினும் அது சிறிது, ஆயினும் உடையாதிருக்கின்றது.

அன்பார்ந்த மாணவர்களே, உங்களுட் பலர் பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் உழைப்போரின் மக்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் ஒருநாள் பெட்டியெடுத்துப் புறப்படுவர். அவரிடம் 'இத்தனை நாள் ஏன் குடித்தாய்?' என்று கேட்பார் பலர் இருப்பர். நீங்கள் அதனைக் கேளாதீர். 'எத்தனை நாள் தங்குவீர்கள்? அதுவரை இங்கே யான் பார்த்துக்கொள்ள வேண்டியது யாது?' என்று கேளுங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை அழைத்துச் செல்வதாயினும், ரேஷன் கடையில் வரிசையில் நிற்பதாயினும், அதனைச் செய்து கொடுங்கள்.