திண்டிவனத்தில் ஒரு பழைய லாப்டாப்

எங்கள் விழுப்புரத்தில் ரயில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, குன்றின்மேல் முருகன் இருக்கும் மயிலம். அதற்கப்புறம் திண்டிவனம். புளியங்காடு என்ற பொருளில் 'திந்திரிணிவனம்' என்றிருந்த பெயர் இப்படி மருவிற்றாம். அங்கேதான் என் நாத்தனார் வீடு.

போன மாதம் போயிருந்தபோது, "அண்ணி, இந்த லாப்டாப் திறக்கவே பத்து நிமிஷம் ஆவுது. வளையலை அடகு வெச்சுப் புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றாள். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த பெண்ணுக்குக் கிடைத்தது அது. இப்போது இளையவளின் காலேஜ் பாடத்துக்கு வேண்டும்.

"கொஞ்சம் பொறு" என்று கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். வந்த பட்டியலில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றது. உள்ளே தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்! சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யை அந்த இடத்தில் மாற்றினால் வேகம் வந்துவிடும்.

படங்களையும் பாடங்களையும் முதலில் பென் டிரைவில் பத்திரப்படுத்திக்கொண்டு, ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி டிஸ்க்கை மாற்றி, விசிறித் தூசியையும் துடைத்தார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், காசில்லாத லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். இப்போது ஒரு நிமிஷத்துக்குள் திறக்கிறது. வளையலும் நாத்தனார் கையிலேயே இருக்கிறது!

சகோதரிகளே, 'மெமரி' எப்போதும் நிறைந்தே இருந்தால் ராம் கூட்டலாம். டிடிஆர் 3 இருக்கும் இடத்தில் டிடிஆர் 4 பொருந்தாது. ஆகவே லாப்டாப்பையே கடைக்குக் கொண்டு போங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தாமதம் கூடாது, தீப்பிடிக்கக்கூடும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, கடையில் மாற்றிவிடுங்கள்.