அவுட்டரில் நிறுத்த முடியாத வண்டி!

சென்னையில் திருச்சி பஸ் ஏறினால் திண்டிவனம் வரை தூங்கிவிடுவீர்கள். தப்பில்லை. ஆனால், திண்டிவனம் தாண்டியதும் எழுந்து ஜன்னல் சீட்டுக்கு மாறிக்கோங்க. மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்புகிற கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல்கேட், முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். 'இதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கு?' என்கிறீர்களா? ரோட்டைப் பார்க்காதீங்க பாஸ், கொஞ்சம் மேலே பாருங்க!

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஏர்போர்ட்கூட கிடையாது. பக்கத்தில் புதுச்சேரியில் இருப்பதும் குட்டி ஏர்போர்ட்தான். ஆனால், தமிழ்நாட்டு மேப்பில் ராணுவ விமான தளங்களுக்கெல்லாம் புள்ளி வைத்துப் பாருங்கள். வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளம். பைலட்டுகளுக்கே வாத்தியார்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கேதான் இருக்கிறது. வடக்கேயே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. அதன் ரன்வே நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தெற்கே தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படைப்பிரிவு. இன்னும் கீழே போனால் ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து. எல்லாப் புள்ளிக்கும் நடுவில் நம்ம திண்டிவனமும் விழுப்புரமும்!

இந்தப் பக்கமும் ஒரு ரன்வே இருந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷார் உளுந்தூர்பேட்டையில் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதே காலத்துச் சோழவரம் ஓடுதளத்துக்காவது பிற்பாடு கார் ரேஸ் நடத்துகிற யோகம் அடித்தது. உளுந்தூர்பேட்டைக்கு அதுவும் இல்லை. 2019-ல் ஊரே கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். ராணுவத்தில் ஏ.டி.சி. அதிகாரி என்று ஒரு வேலை இருக்கிறது. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். டவரில் உட்கார்ந்து போர் விமானங்களை ஏற்றி இறக்குகிறவர். பைலட் ஆகணும்னு கனவு கண்டவர்கள் நம்மில் ஆயிரம் பேர் இருப்போம். பைலட்டுக்கு வழி சொல்கிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனைக்கும், விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்த வேலையைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி.

விழுப்புரம் ஜங்ஷன்ல போய் நில்லுங்க. சென்னை ஒரு பக்கம், விருத்தாசலம் வழியா திருச்சி ஒரு பக்கம், கடலூர் - மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை - காட்பாடி... அஞ்சு திசையிலிருந்தும் வண்டி வரும். ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க, 'லைன் கிளியர்' கிடைக்காமல் எந்த வண்டியும் நகராது. ஆகாயத்திலும் அதே கதைதான். ஒரு விமானத்துக்கும் இன்னொன்றுக்கும் உயரத்தில் குறைந்தது ஆயிரம் அடி வித்தியாசம். ரன்வேயில் ஒருவர் இறங்கி ஒதுங்கினால்தான் அடுத்தவருக்கு அனுமதி. ஒரே ஒரு சிக்கல். பிளாட்பாரம் காலி இல்லை என்றால் ரயிலை அவுட்டரில் முக்கால் மணி நேரம் நிறுத்திப் போட்டு நம்மைக் கடுப்பேற்றலாம். விமானத்தை நிறுத்த முடியாது. சுற்ற வைக்கலாம், அதுவும் பெட்ரோல் இருக்கிற வரைக்கும். போர் விமானம் பயிற்சி முடிந்து திரும்பும்போது டேங்கில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். நாலு விமானம் ஜோடி ஜோடியாகத் திரும்புகிற நேரத்தில் ரன்வேயில் ஒரு நாய் குறுக்கே ஓடினால் என்ன ஆகும்னு யோசிங்க. நாய் விரட்டுகிற ஆள், பறவை விரட்டுகிற ஆள், தீயணைப்பு வண்டி என எல்லாருக்கும் குரல் கொடுப்பது டவரில் இருப்பவர்தான்.

இதைவிடப் படபடப்பான வேலை ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கா? மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. திண்டிவனமும் விழுப்புரமும் தண்ணீரில் தத்தளித்தன. அந்த அளவுக்கு வேண்டாம், அதில் கால்வாசி மழை மேகத்துக்குள் ஒரு பைலட் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ரன்வே கண்ணுக்கே தெரியவில்லை. அப்போது கீழே துல்லிய ரேடார் முன்னால் ஒரு கன்ட்ரோலர் உட்காருவார். 'பாதைக்குக் கொஞ்சம் இடதுபுறம் இருக்கிறீர்கள்... வலப்பக்கம் ரெண்டு டிகிரி திரும்புங்கள்... உயரம் சரி... அப்படியே வாருங்கள்...' என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருப்பார். கடைசிக் கட்டத்தில் பைலட் பதில்கூடச் சொல்ல வேண்டாம், கேட்டபடி இறங்கினால் போதும். ஆனால், ஐந்து விநாடி அந்தக் குரல் வராவிட்டால், இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஐந்து விநாடி! நாம் போனில் 'ஹலோ... ஹலோ... கேக்குதா?' என்று கேட்கிற நேரம். 1948-49-ல் பெர்லின் நகரை ரஷ்யர்கள் முற்றுகையிட்டபோது, பனிமூட்டத்தில் சரக்கு விமானங்களை வரிசையாக இறக்கியது இப்படிப் பேசிப் பேசித்தான்.

'எல்லாம் இங்கிலீஷ்ல பேசணுமே, நாம தமிழ் மீடியமாச்சே!' என்று இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியிலும் விழுப்புரம் அரசு கல்லூரியிலும் படிக்கிற பலர் இந்த மாதிரி வேலைக்கு அப்ளிகேஷனே போடாததற்கு இந்த ஒரு பயம்தான் காரணம் என்பது என் கணிப்பு. ஏ.டி.சி. ஆங்கிலம் நாம் பயப்படுகிற ஆங்கிலம் இல்லை. அதில் அலங்காரம் கிடையாது. சின்னச் சின்ன வாக்கியம், முன்பே வகுத்து வைத்த வார்த்தைகள். ஒன்பதை 'நைனர்' என்றுதான் சொல்ல வேண்டும், ஐந்தோடு குழம்பக் கூடாது என்பதற்காக. சொன்னதை எதிராளி திருப்பிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சர்வதேச சிவில் விமான அமைப்பு வைத்திருக்கும் ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோலில்கூட தாய்மொழிச் சாயல் இருந்தால் தப்பில்லை. புரிகிற மாதிரி இருந்தால் போதும்.

புரியாவிட்டால்? 1996 நவம்பர் 12, ஹரியானா மாநிலம் சர்க்கி தாத்ரி. சவூதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே வந்த கஸகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. அதே ஆயிரம் அடி இடைவெளி. கஸகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தக் குழுவின் ஆங்கிலம் போதாமல் இருந்தது விசாரணையில் அடிபட்ட காரணங்களில் ஒன்று. ஆக, ஸ்டைலாகப் பேசுகிறவரைவிட தெளிவாகப் பேசுகிறவர்தான் இங்கே ஹீரோ.

'ராணுவ டவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஏர்போர்ட் ரன்வேயே மூழ்கி சில நாள் மூடிக் கிடந்தது. அப்போது பயணிகள் பஸ் ஏறி அரக்கோணம் போனார்கள். ரோந்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மட்டுமே பழகிய ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் கிளம்பின. சாதாரண நாளிலேயே கோவா டபோலிம், புனே, ஸ்ரீநகர் போன்ற இடங்களில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பயணிகள் விமானத்தை இறக்கிவிடுவது ராணுவ கன்ட்ரோலர்தான்.

எப்படிச் சேர்வது? விமானப்படை என்றால் ஏ.எஃப்.கேட். தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. எந்த டிகிரியாக இருந்தாலும் 60 சதவிகிதம் இருந்தால் நிர்வாகப் பிரிவுக்கு முயற்சி செய்யலாம். வயது 20 முதல் 26. இரண்டு மணி நேரத்தில் நூறு கேள்வி, சரிக்கு மூன்று மார்க், தப்புக்கு ஒன்று கழியும். அந்தப் பிரிவுக்குள்தான் ஏ.டி.சி. வருகிறது. நீங்கள் கேட்டால் மட்டும் கிடைத்துவிடாது, உங்கள் திறமையையும் அவர்கள் தேவையையும் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள். பயிற்சி ஐதராபாத் அருகே துண்டிகல்லில் ஆரம்பம். கடற்படையில் ஏ.டி.சி.க்கே நேரடியாக ஆள் எடுக்கிறார்கள், ஆனால் 60 சதவிகிதத்தோடு பி.இ. வேண்டும். கூடவே பள்ளி மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். காகுப்பம், மேல்பாக்கம் இன்ஜினீயரிங் பசங்க கவனிக்க! மார்க்கை வைத்தே நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள், பயிற்சி கேரளாவின் எழிமலாவில். இரண்டு படையிலும் பெண்களுக்கும் இடம் உண்டு. ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாயில் ஆரம்பம், படிகள் தனி.

இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. இது பெரும்பாலும் குறுகிய காலப் பணி. பத்து வருஷம், நீட்டித்தால் பதினாலு. நிரந்தரமாக்கும் வாய்ப்பு சிலருக்குத்தான். இருபது வருஷம் முடிக்காமல் வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது. முப்பத்தைந்து சொச்சம் வயதில், வீட்டுக் கடனும் ஸ்கூல் ஃபீஸும் எகிறுகிற நேரத்தில் புது வேலை தேட வேண்டியிருக்கும். அதனால் பிஎஸ்.ஸி.யில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களும் பி.இ. முடித்தவர்களும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் சிவில் ஏ.டி.சி. தேர்வையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது. அதற்குப் பொதுவான வயது வரம்பு 27.

விமானப்படை நேர்முகம் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மைசூரில்தான் நடக்கும். ஐந்து நாள். முதல் நாள் பரீட்சையிலேயே பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்காக மனசு உடையாதீர்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டிக்கெட்டை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க!