காலனிக்கு எதற்கு மாடி?

2012 நவம்பர் 7. தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளைச் சாதிவெறிக் கும்பல் கொளுத்தியது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. சாதி மறுப்புத் திருமணமும் மணமகளுடைய தந்தையின் தற்கொலையும்தான் காரணம் என்றார்கள்.

ஒரு கல்யாணத்துக்காக மூன்று காலனிகளை ஏன் எரிக்க வேண்டும்? பீரோவை உடைத்து நகையை ஏன் அள்ள வேண்டும்? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்த காசில் எழும்பிய வீடுகள் அவை. தங்கள் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள் சொந்தக் காலில் நின்றதுதான் பொறுக்கவில்லை. 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் பிள்ளைகள், பெண்கள் உட்பட 44 பேரைக் குடிசைக்குள் எரித்தார்கள். நத்தத்தில் அந்தக் கூலியில் கட்டிய வீட்டையே எரித்தார்கள்.

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம். சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் பார்த்த காசில் எங்கள் காலனியிலும் வீடுகள் எழும்புகின்றன. நாங்கள் தளம் போட்ட அன்று ஊர்க்காரர் ஒருவர் என் அப்பாவிடம், "காலனிக்கு எதுக்குடா மாடி?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு அவரைவிட வயது அதிகம். நத்தத்தில் தீயாக வந்தது அந்தச் சிரிப்புதான்.

தோழர்களே, தலித் மக்கள் குடியிருக்கும் வீட்டைச் சாதி இந்துக்கள் எரித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2), நான்காம் உட்பிரிவின்படி ஆயுள் தண்டனை. எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டா, படிப்புச் சான்றிதழ்களின் நகலை வெளியூரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டைக் கட்டுங்கள், மாடியோடு.