எழுபதுக்கு முன்னால்

இந்திய அரசு நடத்தும் கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு வயது வரம்பு உண்டு. 18 நிரம்பியிருக்க வேண்டும், 70 தாண்டியிருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கட்டுகிறேன் என்றாலும் நடக்காது. “எல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்” என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அறுபதில் ஓய்வு பெறுபவருக்குப் பத்து வருடம்தான் மிச்சம். அதற்குள் முழங்காலும் சர்க்கரையும் என்ன சொல்லுமோ!

சேமிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் அம்மாக்கள் ஒளித்துவைத்த காசில் தலையெடுத்த தலைமுறை எங்களுடையது. ஆறு மாத வீட்டுச் செலவுக்குக் கையிருப்பும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் இல்லாமல் ஊர் சுற்றக் கிளம்புவதை நான் ஒப்பமாட்டேன். கிரெடிட் கார்டில் கடன் வைத்துப் போவது அதைவிட மோசம். பல கார்டுகளில் மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்ட பிறகும் செலவழிக்க மனம் வராதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடல் பார்க்க ஆசைப்படும் ஏழு வயதுப் பிள்ளையிடம் அடுத்த லீவு, அடுத்த லீவு என்று சொல்லிக்கொண்டே அவன் பெயரில் மனை வாங்கிப் போடுகிறார்கள். மனையை நாலு வருடம் கழித்தும் வாங்கலாம். அலையைக் கண்டு கத்திக்கொண்டு ஓடும் வயது அதுவரை இருக்குமா?

1968-ல் வந்த பி.பி.எஃப். திட்டத்தைப் பாருங்கள். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். ஆனாலும் ஏழாவது நிதியாண்டு முதல் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். எதற்கு என்று கேட்க மாட்டார்கள். நெடுங்காலச் சேமிப்புக்கென்றே வகுத்த அரசாங்கம்கூட நடுவில் ஒரு வாசல் வைத்திருக்கிறது. எடுப்பதே பாவம் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

நம் தெருப் பெண்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தீபாவளிச் சீட்டு என்பது என்ன? வருடம் முழுக்க மாதாமாதம் கட்டி, பட்டாசு, இனிப்பு, பாத்திரம் என்று வாங்கிப் பண்டிகையோடு தீர்த்துவிடுகிற சேமிப்பு. செலவழிக்கவே சேர்ப்பது என்பதால் தீர்ந்தபோது யாரும் வருந்துவதில்லை. அந்த மனசைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போடுங்கள். சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அதில் போகட்டும். எங்கே போவது, என்ன வாங்குவது என்று கணவனும் மனைவியும் முதல் மாதமே பேசி முடித்துவிடுங்கள். முதிர்வு நெருங்கும்போது, இத்துடன் கொஞ்சம் போட்டு ஒரு சவரன் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு வேறு கணக்கு இருக்கட்டும்.

பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் முதல் வருடப் பணம் அவர்களுக்குத்தான். ரயிலில் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுவிட்டது. முழுக் கட்டணத்தைக் கேட்டதுமே “எங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்” என்பார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல், கீழ் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, கிளம்பும் தேதியை மட்டும் சொல்லுங்கள்.