ஏலக்காய் எடுக்கும் இடுப்பு

1/ விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போற 60 வயசு அம்மா. இடுப்புவலி.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லாதீங்க சார். ரெண்டு நாள் போகலைன்னா ஜீப்புல என் இடத்துல வேற ஆளு உக்காந்துரும்."

2/ அதைத்தான் எழுதப் போனேன். நிறுத்திட்டேன். சாதாரண இடுப்புவலிக்கு நாள்கணக்கில் படுத்தால் உடம்பு இன்னும் இறுகும்.

3/ ஏலச்செடி ஆளுயரம் தாண்டும். காய்ச்சரம் தூரில், தரையை ஒட்டி வரும். நாள் முழுக்கக் குனியணும். குனியுற விதத்தை மாத்தலாம்:

• ஒரு முழங்காலை ஊன்றிக் காய் எடுங்க.
• செடிக்குச் செடி நிமிர்ந்து, இடுப்பில் கைவச்சுப் பின்னால சாயுங்க.
• சாக்கைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பை முறுக்காதீங்க, காலை எடுத்து வச்சுத் திரும்புங்க.

4/ கால் மரத்து பலம் குறைஞ்சா, சிறுநீர் போகலைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி வாங்க.

5/ அந்த அம்மா மறுபடி வந்தாங்க. வலி முழுசா போகலை. ஆனா வேலைக்குப் போறாங்க.