நீச்சல்

புயல் வருதுன்னா தயாராக இருக்கச் சொல்கிறார்கள். டார்ச் லைட், கயிறு, விசில், மருந்து, சில நாளைக்குச் சாப்பாடு எல்லாம் ஒரு பையில் போட்டு வைக்கணுமாம். இப்போது நகரத்தில் அதற்கென்றே தண்ணீர் புகாத பைகள் விற்கிறார்கள். மடக்குக் கத்தி, கையால் சுற்றினால் எரிகிற விளக்கு, இன்னும் என்னென்னவோ. தன் உடம்பையும் தன் கையையும் நம்பி நிற்பதற்கான பயிற்சி என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் சேரியில் பிறந்தவனுக்கு இந்தப் பாடம் பையில் தொடங்குவதில்லை. தண்ணீரில் தொடங்குகிறது. நீச்சல் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் ஏன் தெரியாது?

கடலூர் மாவட்டம் ஆறுகள் வந்து வடிகிற இடம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே எல்லையாகக் கொள்ளிடம். எங்கேயோ பெய்கிற மழையும் கடைசியில் எங்க வாசலுக்குத்தான் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகி அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி எல்லாம் தண்ணீரில் நின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது.

இயற்கைக்குச் சாதி தெரியாது என்பார்கள். தெரியாதுதான். ஆனால் மேட்டில் ஊரையும் பள்ளத்தில் சேரியையும் வைத்தது இயற்கை இல்லையே.

எங்கப்பா நீர்க்கட்டி. பல ஊர்களில் இந்த வேலை எங்க சனத்துக்குத்தான். மதகைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவது, அடைமழையில் ராத்திரியெல்லாம் கரை காப்பது. மதகுப் பலகை சிக்கிக்கிட்டா மார்கழிக் குளிரிலும் மூச்சை அடக்கி உள்ளே முங்கணும். உடைப்பெடுத்தால் முதலில் ஆள் அனுப்புவது எங்க தெருவுக்குத்தான். "தண்ணி இழுக்குற சத்தத்த வச்சே எங்க ஓட்டன்னு சொல்லிடுவேன்" என்பார் அப்பா. அந்த மனுசன் ஊர்க்குளத்தில் குளிக்க முடியாது. மதகு எடுக்க முங்கலாம், குளிக்க முங்கக் கூடாது. ஒரே தண்ணி, ஒரே உடம்பு. ஆண்டைக்காக எறங்கினா வேலை, தனக்காக எறங்கினா தீட்டு.

எனக்கு எட்டு வயசு இருக்கும். நாலு பேர் அந்தக் குளத்தில் இறங்கிவிட்டோம். கரையிலிருந்து கல் வந்தது. "எவண்டா அது கொளத்த நாசம் பண்றது? ஏறுங்கடா மேல!" மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார்கள். வீட்டுக்கு வந்தவர் என்னை அடிக்கவில்லை. சாயங்காலம் வாய்க்காலுக்கு அழைத்துப் போனார். என் இடுப்பில் துண்டைக் கட்டி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விட்டார். "கால அடிச்சிக்கிட்டே இரு. பயந்தாத்தான் முங்குவ." இப்படி எங்க தெருவில் ஆம்பளைப் பசங்க சிலர் நீச்சல் கற்றோம். பொம்பளைப் புள்ளைவோளுக்கு அதுவும் இல்லை.

2005 நவம்பர் வெள்ளத்தில், ஆட்டுக்குட்டியைத் தேடிப் போன பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு எங்க தெருவுக்குத் திரும்பி வரவில்லை. பாதையோரத்துப் பள்ளத்தில் கிடந்தாள். பத்துப் பதினைந்து கை வீசிப்போட்டால் மேட்டுக்கு வந்திருக்கலாம். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பொண்ணுக்கும் தண்ணிக்கும் நடுவில் எத்தனை தலைமுறையாகச் சாதி நின்றது என்று எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியது என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் மகாத் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20இல். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இத்தனைக்கும் பிறகும், குளம் என்றால் குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் என்றுதான் பேசியிருக்கிறோம். உயிர் பிழைக்கக் கற்றுக்கொள்கிற பள்ளிக்கூடமும் அதுதான் என்று நாம் அதிகம் பேசவில்லை.

சிதம்பரத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் உறைக்கும். திருப்புன்கூரில் குளம் வெட்டியவர் நந்தனார் என்று புராணமே சொல்கிறது. தில்லைக்குள் நுழைய அவருக்குக் குளத்து முழுக்குப் போதவில்லை, நெருப்பில் முழுக வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரனும் தண்ணீரில் கோடு போட்டவன்தான். 1919 ஜூலை 27 அன்று சிகாகோ நகரத்து ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பையன் மிதவையில் மிதந்து, வெள்ளையர் குளிக்கிற பக்கம் போய்விட்டான். கல்லெறிந்தார்கள். அவன் மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். நீச்சல் குளங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக விரட்டப்பட்ட அந்த மக்களின் குழந்தைகள், இன்றும் அமெரிக்காவில் வெள்ளைக் குழந்தைகளைவிட அதிகமாகத் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். கல்லெறிந்த கை எப்போதோ மண்ணோடு போய்விட்டது. கல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

2006இலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தொடங்குவோம். பொம்பளைப் புள்ளைவோளுக்குத் தனி நேரம். சொல்லிக்கொடுப்பதும் பெண்கள்தான். "வயசுக்கு வந்த புள்ளய வாய்க்கால்ல எறக்குறதா?" என்று எங்க ஆட்களே கேட்டார்கள். 2005ஐ ஞாபகப்படுத்தினால் பேச்சு நின்றுவிடும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பஞ்சர் கடையில் ஒட்டுப்போட்டு வாங்கிய லாரி டியூப் இரண்டு. மூடியை இறுக்கி நைலான் கயிற்றில் கோத்த காலித் தண்ணிக் கேன்கள். ஒரு தார்ப்பாய். அவசரத்துக்கு வாழைமரத் தெப்பம். முங்குகிறவன் காப்பாற்ற வந்தவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அதனால் முதலில் கம்பை நீட்டு, இல்லையா கயிறை வீசு, அப்புறம் டியூபைத் தள்ளு, கடைசியாகத்தான் ஆள் இறங்கணும். வயிற்றுப்போக்கு வந்தால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். எந்த வீட்டில் நடக்க முடியாத ஆயா, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, யாரை யார் தூக்குவது என்று ஒரு நோட்டு. கரண்டும் செல்போன் டவரும் போய்விட்டால் பறை. சாவுக்கு அடிக்கச் சொன்ன பறையைச் சாகாமல் இருக்க அடிக்கிறோம்.

பையில் முதலில் போவது காகிதம். ரேசன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மார்க் ஷீட். பாலிதீனில் இரண்டு சுற்று. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் கையால் தடவியே எறா பிடிக்கிற இருளர்களுக்குத் தெரியாத தண்ணீர் வித்தை கிடையாது. ஆனால் அவர்களுக்கும் சாதிச் சான்றிதழ் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வெள்ளத்தில் தப்பினவன் காகிதம் இல்லாமல் அலுவலக வாசலில் முங்கிப்போவான்.

"கூலி வேல செய்யிற ஒடம்புக்கு எதுக்குடா பயிற்சி?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். நடவும் அறுப்பும் மூட்டையும் ஏற்றிய உரம் இதுவரை யாருக்குப் பயன்பட்டது? காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும். எங்க பசங்க விடியக்காலையில் தார் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகுகிறார்கள். மைதானம் ஊர்த் தெருவில் இருக்கிறது. உடம்பைத் தனக்காகப் பழக்குவது என்பதே எங்களுக்குப் புதிதாகக் கிடைத்த உரிமைதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றால் அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. நிவாரண லாரி ஊர் முனையிலேயே நின்று காலியாகித் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி பார்க்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவையும் நகலெடுத்து அதே பையில் வைத்திருக்கிறோம். சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நாமே கட்டிக்கொண்டோம் என்பதற்காக அரசுப் பள்ளியில் நமக்கு இடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

வாய்க்கால் தண்ணீருக்கு இழுப்பு அதிகம். கோடையில், பள்ளி விடுமுறை நேரத்தில், காய்ந்தும் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிலைத்த தண்ணீர்தான் நல்லது. எங்க ஊரில் அப்படி ஒரு குளம் இருக்கிறது, நாலு பக்கமும் படித்துறையோடு. வருகிற கோடையில் எங்க பிள்ளைகளை அதில் இறக்கப்போகிறோம் என்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அனுமதி கேட்டு எழுதவில்லை. தகவலுக்காக எழுதியிருக்கிறோம்.